டெத் மேக்னெடிக்: பாட்டு நன்றாக இருக்கிறது, ஒலிதான் கருகிப்போனது

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் மோசமான ஆல்பம் எது என்று ரசிகர்களைக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் 2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' என்பார்கள். தகர டின்னைத் தட்டுவது போன்ற ஸ்னேர் டிரம், மருந்துக்கும் ஒரு கிட்டார் சோலோ இல்லாத பாடல்கள். அதை ஒதுக்கி வைப்பது எளிது. 2008 செப்டம்பர் 12 அன்று வெளியான 'டெத் மேக்னெடிக்' விஷயம் அப்படியல்ல. சோலோ திரும்பி வந்தது, ஏழெட்டு நிமிடம் ஓடும் பாடல் அமைப்பு திரும்பி வந்தது, தாழ்த்தி வைத்திருந்த கிட்டார் பழைய ஈ டியூனிங்குக்கு (கிட்டாரின் வழக்கமான சுருதிக்கு) ஏறி வந்தது. ராபர்ட் ட்ருஹியோ ஸ்டுடியோவில் பாஸ் வாசித்த முதல் மெட்டாலிக்கா ஆல்பமும் இதுதான். 'ஆல் நைட்மேர் லாங்' பாட்டின் ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) எண்பதுகளின் ஆல்பம் ஒன்றில் வைத்தாலும் உறுத்தாது. இத்தனையும் இருந்தும் பத்துப் பாடல்களை, சுமார் 75 நிமிடத்தை, ஹெட்ஃபோனில் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கக் காது ஒத்துழைக்காது. ஆற அமரச் சமைத்துவிட்டு, இறக்குகிற நேரத்தில் அடிப்பிடிக்க விட்ட மாதிரி.

சிடியில் ஒலி என்பது எண்கள்தான். ஒரு நொடிக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 32,767 வரை போகலாம். அதற்கு மேல் இடமே கிடையாது; டெசிபல் கணக்கில் அதுவே பூஜ்யம். ஸ்னேர் ஒரு அடி விழும்போது அலை சட்டென்று உச்சிக்கு ஏறி அடுத்த கணமே சரியும். அந்த முனைகளுக்காகத்தான் மற்ற கருவிகளைக் கீழே வைத்து மேலே இடம் விட வேண்டும். இடம் விட்டால் சராசரி சத்தம் குறையும், வானொலியில் பக்கத்துப் பாட்டைவிட மெலிந்து கேட்கும். அதற்கு வழியாக வந்ததுதான் லிமிட்டர்: முனைகளை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கிவிடும். இரண்டு மூன்று டெசிபல் என்றால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. இந்த ஆல்பத்தில் அமுக்கியதோடு நிற்கவில்லை. தூக்கிய அலை கூரையில் முட்டி, முனை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்டது. அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

கூரான முனை தட்டையானால் அந்த இடத்தில் அலை சதுரமாகிறது. சதுர அலை என்றால் மூல ஒலியில் இல்லாத ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு ஒலிகள்) புதிதாக முளைக்கின்றன. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்குத் 'தும்' என்று உடல் இருக்க வேண்டிய இடத்தில் 'டிக்' என்ற வெடிப்பு மட்டும் கேட்கும். ஹெவி மெட்டல் கிட்டாரே டிஸ்டார்ஷன்தானே (வேண்டுமென்றே கரகரக்க வைத்த ஒலிதானே), இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்ப்ளிஃபையர் தரும் டிஸ்டார்ஷன் அந்தக் கிட்டாருக்கு மட்டும் உரியது. கிளிப்பிங் பாடகர் குரல், சிம்பல், பாஸ் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூழாக்கும். ஒவ்வொரு கிக்குக்கும் கிட்டார் ஒரு கணம் கரகரத்து மீள்வதை 'ப்ரோக்கன், பீட் அண்ட் ஸ்கார்டு' பாடலில் தெளிவாகக் கேட்கலாம். 'தி டே தட் நெவர் கம்ஸ்' தொடக்கத்தில் கிட்டார் தனியாக வரும் பகுதி ஓரளவு தப்பிக்கும். பின்பாதியில் டபுள் பாஸ் டிரம் ஓடத் தொடங்கியதும் வலி ஆரம்பம்.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரிஜினல் சிடியிலிருந்து தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், அதன் சுருக்கம் முனைகளை இடம் மாற்றிவிடும், அளப்பது பொய்யாகிவிடும். யூடியூபிலிருந்து இறக்கியதும் அதே காரணத்துக்காக உதவாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, வியூ மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டச் சொல்லும் தெரிவை டிக் செய்யுங்கள். முழுப் பாட்டையும் ஒரே திரையில் பார்த்தால் செங்கல் அடுக்கிய மாதிரி ஒரு கட்டம்தான் தெரியும், அதில் சிவப்புக் கோடுகள். இதோடு நிறுத்தி முடிவு சொல்லக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் சத்தமான எந்தப் பாட்டும் செங்கல்தான். ஒரு ஸ்னேர் அடியைத் தேர்ந்தெடுத்து, தனித்தனிப் புள்ளிகள் தெரியும் வரை பெரிதாக்குங்கள். அலையின் உச்சி வளைவாக இருக்கிறதா, கத்தியால் சீவியது போல அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஆடாசிட்டி சிவப்புக் கோடு போடுவது உச்சகட்ட எண்ணைத் தொட்ட இடங்களில்தான். மிக்ஸிங்கிலேயே (கருவிகளின் பதிவுகளை ஒன்றாகக் கலக்கும்போதே) வெட்டுப்பட்ட பாட்டை அப்புறம் அரை டெசிபல் குறைத்து வைத்தால் ஒரு சிவப்புக் கோடும் வராது, ஆனால் முனை தட்டையாகவே இருக்கும். கோட்டை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்.

எண்ணாக வேண்டுமென்றால் டிஆர் மீட்டர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி). ஃபூபார்2000 என்ற இசை பிளேயருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டை மூன்று மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, அதில் மிகச் சத்தமான 20 சதவீதத் துண்டுகளின் சராசரிக்கும் உச்ச முனைக்கும் உள்ள இடைவெளியை டெசிபலில் சொல்லும். இந்த சிடிக்கு வருவது 3. இதே குழுவின் எண்பதுகளின் சிடிக்களை, மறுமாஸ்டர் செய்யாத (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பை மறுபடி செய்யாத) பழைய பதிப்புகளைப் போட்டால் 10-ஐத் தாண்டும்.

எல்பி (வினைல் ரெக்கார்டு) வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பிப் பணம் செலவழித்தவர்களும் உண்டு. ரெக்கார்டிலிருந்து பதிவு செய்த கோப்பை மீட்டரில் போட்டால் எண் மூன்று நான்கு கூடித்தான் காட்டும். ஊசியும் வெட்டும் கருவியும் அலையின் ஃபேஸை (வெவ்வேறு அதிர்வெண்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நேரத்தை) மாற்றுவதால் தட்டை முனைகள் சாய்ந்து உயரமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். கிளிப்பான மிக்ஸ் கிளிப்பான மிக்ஸாகவே இருக்கும். 45 ஆர்பிஎம்-மில் ஐந்து ரெக்கார்டுகளாக வந்த பெட்டிக்கும் இது பொருந்தும்.

பழி யார் மேல்? முதலில் எல்லோரும் பிடித்தது மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனை. தன் கைக்கு வரும் முன்பே மிக்ஸ்கள் லிமிட்டரில் நசுங்கியிருந்தன என்று அவர் ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியே வந்தது. அது உண்மைதான் என்பதை ஒரு வீடியோ கேம் காட்டிக்கொடுத்தது. ஆல்பம் வெளியான அதே நாளில் 'கிட்டார் ஹீரோ 3' விளையாட்டுக்கும் முழு ஆல்பமும் வந்தது. விளையாடுபவர் தவறினால் கிட்டாரை மட்டும் நிறுத்த வேண்டும், அதனால் விளையாட்டுக்குக் கருவிகளைத் தனித்தனித் தடங்களாகத்தான் கொடுக்க முடியும். கடைசிக் கட்ட லிமிட்டர் அதில் ஏற வாய்ப்பில்லை. அந்தப் பதிப்பில் ஸ்னேர் ஸ்னேராகக் கேட்டது. ஆக, பதிவான ஒலியில் குறையில்லை. பதிவுக்கும் மாஸ்டரிங்குக்கும் நடுவில்தான் கெடுத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின். 1999-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவுக்கு அவர் தயாரித்த 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பத்தின் மீதும் இதே புகார் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் இதைக் கேட்டு ஒப்புதல் கொடுத்தது குழுவும்தான். அவர்களை விட்டுவிட்டு ரூபினை மட்டும் திட்டுவது ரசிகப் பாசம்.

மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நடக்கவில்லை. ஆல்பம் பில்போர்டு 200-இல் நேராக முதலிடத்தில் இறங்கியது, ரூபினுக்கு அடுத்த ஆண்டின் கிராமி தயாரிப்பாளர் விருது. விற்றுத் தீர்ந்த பண்டத்தை யார் திரும்ப உலையில் வைப்பார்கள்?

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வால்யூமைக் குறைத்தால் சரியாகாது. தட்டை முனை சிறிய தட்டை முனையாகும். ஆனால் கம்ப்யூட்டரில் டிஜிட்டலாக மூன்று டெசிபல் குறைத்து டாக்குக்கு (எண்களை மின் அலையாக மாற்றும் கருவிக்கு) அனுப்பினால், புள்ளிகளுக்கு இடையில் எழும் அலை டாக்கையும் முட்டிக் கூடுதலாகக் கரகரப்பதைத் தவிர்க்கலாம். ஆடாசிட்டியின் கிளிப் ஃபிக்ஸ் வெட்டுப்பட்ட முனையை ஊகித்து வரைந்து கொடுக்கும்: வரம்பை 95 சதவீதத்தில் வைத்து, உயரத்தை 9 டெசிபல் குறைக்கச் சொல்லி ஓட்டுங்கள். இரண்டு மூன்று புள்ளி வெட்டுப்பட்ட பதிவுக்கு அது அருமையான மருந்து. இங்கே வெட்டுகள் நீளமானவை, போதாக்குறைக்கு அவற்றுக்கு முன்பே லிமிட்டரும் நசுக்கியிருக்கிறது. படம் அழகாக மாறும், காதுக்குக் கிடைப்பது அற்பம். ஈக்வலைசரில் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு டெசிபல் இறக்கினால் களைப்பு சற்றுக் குறையும். நான் பரிந்துரைப்பதும் அவ்வளவே.

அதைவிட உருப்படியானது, 2015-இல் ஐடியூன்ஸுக்கென்று மாஸ்டர் செய்து வெளியிட்ட பதிப்பு. அதில் லிமிட்டர் கணிசமாகத் தளர்ந்திருக்கிறது. ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்காதீர்கள். சத்தமானதே நல்லது என்று காது ஏமாறும். பழைய சிடிதான் ஜெயித்ததாகத் தோன்றும். இரண்டையும் ஆடாசிட்டியில் போட்டு லவுட்னஸ் நார்மலைசேஷனில் -23 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவந்த பிறகு, 'ஆல் நைட்மேர் லாங்' பாட்டின் ஒரே முப்பது நொடியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். சிம்பலின் வால் எவ்வளவு நேரம் நீள்கிறது, ஸ்னேர் அடிக்கும்போது குரல் பின்வாங்குகிறதா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். ஸ்ட்ரீமிங் செயலிகள் சத்தத்தைத் தாமாகவே சமப்படுத்துவதால், அங்கே 2008 சிடியின் மாஸ்டர் ஓடினால் மற்ற ஆல்பங்களைவிட மெலிந்து, தட்டையாகக் கேட்கும். எந்த ஆதாயத்துக்காக அலையை வெட்டினார்களோ அதை இப்போது செயலி பிடுங்கிக்கொள்கிறது; வெட்டு மட்டும் அப்படியே கிடக்கிறது.