சுற்றளவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஒருவழியாகக் குளத்தை அளக்க அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு பக்கம். கீழே ஊதா மையில் றப்பர் முத்திரை, அதன் மேல் பாதி ஏறி விழுந்த ஒரு கையெழுத்து. இதற்காக ஏழு மாதம் அலைந்திருக்கிறேன். வன்னிக் குளங்களை வைத்து ஆய்வு செய்ய நினைக்கும் பிள்ளைகள் நான் தடுக்கி விழுந்த இடங்களிலாவது விழாமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆய்வைச் சொன்னால்தான் வந்த வில்லங்கம் விளங்கும். 1967இல் பெனுவா மாண்டல்பிரோ என்ற கணிதவியலாளர், பிரித்தானியாவின் கரையோரம் எவ்வளவு நீளம் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். லூயிஸ் ரிச்சர்ட்சன் அதற்கு முன்பே சேர்த்து வைத்த அளவீடுகள்தான் அதற்கு அடிப்படை. அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கரை நீண்டுகொண்டே போகும். முடிவான நீளம் என்று ஒன்று கிடையாது. நீளம் கூடுகிற வேகத்திலிருந்து கணக்கிடுகிற எண்தான் ஃபிராக்டல் பரிமாணம். பிரித்தானியாவின் மேற்குக் கரைக்கு அது ஏறத்தாழ 1.25, அவ்வளவாக வளைவு நெளிவில்லாத தென்னாபிரிக்கக் கரைக்கு 1.02. நேர்கோட்டுக்கு 1.

வன்னிக் குளத்துக்கு எவ்வளவு வரும்? குளத்தின் ஒரு பக்கம் மனிதர் போட்ட கட்டு, கிட்டத்தட்ட நேர்கோடு. மற்றப் பக்கம் அலைகரை. அங்கே மேடு பள்ளம் பார்த்துத் தண்ணீர் தானே கோடு கீறிக்கொள்கிறது. இரண்டு விதமான கோடுகள் ஒரே குளத்தைச் சுற்றி வருவதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. எங்களை என்றால் என்னையும் ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கணித ஆய்வாளரையும். நிலமும் குளமும் என் பொறுப்பு, வடிவியல் அவர் பொறுப்பு. பல்கலைக்கழக ஒப்புதல், மேற்பார்வையாளர் கையொப்பம், தரவுப் பகிர்வு உடன்படிக்கை எல்லாம் இரண்டு கிழமையில் முடிந்தன. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்துபோனேன்.

முதல் பிழை என்னுடையதே. இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தை எடுத்தால் அனுமதி கேட்க வேண்டிய இடங்களும் பெருகும் என்று, மாங்குளத்துக்குக் கிழக்கே காட்டோரமாக இருக்கும் ஒரு சின்னக் குளத்தைத் தெரிவு செய்தேன். சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும் என்று தெரியும், 80 ஹெக்டெயர், அதாவது 200 ஏக்கர் வரை என்ற கணக்கும் தெரியும். அது எதன் பரப்பு என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. தண்ணீர் நிற்கும் பரப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது குளத்தை நம்பி விதைக்கிற வயலின் பரப்பு. என் குளத்தின் கீழ் வயல் 200 ஏக்கரைத் தாண்டியிருந்தது. கமநல சேவைகள் நிலையத்தில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னா, “இது எங்கட குளம் இல்லைப் பிள்ளை, நீங்கள் மற்றக் கந்தோருக்குப் போக வேணும்.” வவுனியாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போன பயணம் அத்தோடு முடிந்தது. ஆகவே குளத்தைத் தெரிவு செய்த அன்றே விதானையாரிடமோ கமக்கார அமைப்புக் காரியதரிசியிடமோ ஒரு கேள்வி கேட்டு விடுங்கள்: இந்தக் குளம் எவருடைய பொறுப்பு?

அந்த “மற்றக் கந்தோரின்” பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். ஆறாவது கட்டத்தில் “குளத்தின் சுற்றளவு” என்று இருந்தது. கட்டம் ஓர் அங்குலம் கூட இல்லை.

அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் ஆய்வே அந்தக் கட்டத்துக்குள் ஒரே எண்ணை எழுத முடியாது என்பதுதானே! இலிகிதரிடம் போய் அதை விளக்கவா முடியும்? லான்ட்சாட் செய்மதிப் படத்தில் அளந்த எண் கையில் இருந்தது, 5.1 கிலோமீற்றர். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பிரதேச செயலகத்துக்கு இணைப்புக் கடிதம் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குள் சென்டினல்-2 என்ற இன்னொரு செய்மதியின் படத்தில் மறுபடி அளந்திருந்தேன். லான்ட்சாட்டின் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர், சென்டினலின் புள்ளி 10 மீற்றர். நீளம் 6.3 ஆகியிருந்தது. புதிய எண்தானே நல்லது என்று அதை எழுதினேன்.

இரண்டு தாளும் ஒரே கோவைக்குள் சந்தித்துக்கொண்டன.

அடுத்த முறை போனபோது இலிகிதர் லாச்சியைத் திறந்து கோவையை எடுத்து, இரண்டு தாளிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டினார்.

“தங்கச்சி, இதில அஞ்சே காலும் இல்லை, அதில ஆறே கால். ஒரு மாசத்தில குளம் வளர்ந்திட்டுதோ?”

“இல்லை அண்ணை, அளக்கிற கோல் மாறினால் நீளமும் மாறும்...”

“அப்ப எது சரி?”

“இரண்டும் சரி அண்ணை.”

அந்தப் பதில் பெரிய பிழை. கணிதத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. கந்தோரில் அதற்குப் பொருள், இந்தப் பிள்ளைக்குத் தன்ர வேலையே தெரியாது என்பது. கோவை “விளக்கம் தேவை” என்ற குறிப்போடு மேலிடத்துக்குப் போனது. அங்கிருந்து ஏழு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது, அதுவும் முழுக்கச் சிங்களத்தில். தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாசித்துச் சொன்னார்: சுற்றளவை உறுதிப்படுத்தி மீண்டும் விண்ணப்பிக்கவும். ஏழு கிழமை, ஒரே ஒரு வரி.

இடையில் கடலில் ஒரு கூத்து. வரைபடத்தில் ஓர் இடத்தை எண்களால் குறிக்க இலங்கையில் இரண்டு ஆள்கூற்று முறைகள் உண்டு. என் பழைய வரைபடத் தரவுக் கோப்புகள் சில கண்டவளை முறையில் இருந்தன, புதியவை எஸ்.எல்.டி.99 முறையில். முதலாவதில் தொடக்கப் புள்ளிக்கு 200,000 என்றும் இரண்டாவதில் 500,000 என்றும் மீற்றரில் எண் கொடுத்திருப்பார்கள். மாறிப் பிடித்தால் கிழக்கே 300 கிலோமீற்றர், வடக்கே 300 கிலோமீற்றர் தள்ளிப் போகும். நான் எந்த முறை என்று எழுதாமலே அனுப்பி வைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஐரோப்பாவிலிருக்கும் கணித நண்பர் மிக மரியாதையாகக் கேட்டார், “உங்கள் குளம் வங்காள விரிகுடாவுக்குள் இருக்கிறதா?” மூன்று கிழமையாக அவர் கவனிக்காததற்கும் காரணம் இருந்தது. ஒரு வடிவத்தை அப்படியே தூக்கிக் கடலில் வைத்தாலும் அதன் பரிமாணம் மாறாது. அவருடைய கணக்கு அதுபாட்டுக்குச் சரியாக ஓடியிருக்கிறது. செய்மதிப் படத்தை மேலே போட்ட பிறகுதான் குளத்துக்கடியில் நீலமாகக் கடல் தெரிந்திருக்கிறது. கணிதக்காரரோடு வேலை செய்பவர்கள் ஆள்கூற்று முறையின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே போட்டு விடுங்கள். இடத்தைப் பற்றி அவர்கள் கவலைப்பட மாட்டார்கள். நாங்கள்தான் படவேண்டும்.

செய்மதிப் படங்களை நம்பி இருப்பவர்களுக்கும் ஒன்று. குளம் நிரம்புவது காலபோக மழையில். முகில் மூடுவதும் அப்போதுதான். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒரு தடவை வந்து பஞ்சுமூட்டையைப் படம் பிடித்துவிட்டுப் போகும். முகிலை ஊடுருவும் றேடார் படங்களை, சென்டினல்-1 தருவதை, முதலிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

சரி, சுற்றளவுக்கு வருவோம். முடிச்சை அவிழ்த்தது எந்த உத்தியோகத்தரும் இல்லை. அந்தக் குளத்தின் கமக்கார அமைப்பில் இருக்கும் ஓர் ஐயா. கடிதம் இல்லாமல் கருவி எதையும் இறக்கக் கூடாது என்பதால் சும்மா பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனி மாதம், தண்ணீர் வயலுக்குத் திறந்துவிடும் துருசுக்குக் கிட்டவாக ஒடுங்கிப் போயிருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் என்னை அலைகரைப் பக்கம் கூட்டிப் போனார். வெடித்த சேற்றில் யானைக் கால்கள் பதிந்து காய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு தாச்சிச் சட்டி அளவில் கிடந்தன. ஒரு மருதமரத்தடியில் நின்று, அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் ஓடிய சாம்பல் நிறக் கறையைத் தடவிக் காட்டினார்.

“வான் பாயேக்க தண்ணி இதில நிக்கும். இதுக்கு மேல வராது, வந்தால் வான் வழியா ஓடிப்போம். நீ இந்தக் கோட்டை எழுது. மற்றதெல்லாம் நாளுக்கு நாள் மாறுற கதை பிள்ளை.”

எனக்கு உடனே பொறி தட்டியது. கந்தோருக்குத் தேவை ஒரு மட்டம். நான் இரண்டு தாளிலும் எந்த நாளின் தண்ணீர் என்றுகூட எழுதவில்லை! வான் பாயும் மட்டத்தில், அதாவது குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வழியும் மட்டத்தில், கரை என்பது ஒரு சமவுயரக் கோடு, அது கந்தோர்காரருக்கு நன்றாகப் பழகிய சங்கதி. அளவுகோல் பிரச்சினை அப்போதும் தீராதுதான். ஆனால் அதைப் படிவத்தில் தீர்க்க வேண்டியதில்லை என்பது அன்றுதான் மண்டைக்குள் ஏறியது.

புதிய படிவத்தில் இப்படி எழுதினேன்: “வான் பாயும் மட்டத்தில், 10 மீற்றர் அளவுகோலில், அண்ணளவாக 6.3 கி.மீ.” பழைய 5.1 எப்படி வந்தது என்று தனித் தாளில் நாலு வரி. மூன்று மொழியிலும் ஒவ்வொரு பிரதி. கமக்கார அமைப்பின் சம்மதக் கடிதத்தையும் மேலே குத்தினேன், அதை எவரும் கேட்கவில்லை, ஆனால் இலிகிதர் முதலில் வாசித்தது அதைத்தான். பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது.

இன்னும் சில. களத்தில் திரியும் உத்தியோகத்தர்களைப் பிடிக்க, பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் இரண்டு தரம் வெறும் கதிரையோடு பேசிவிட்டு வந்தேன். கொடுக்கும் ஒவ்வொரு தாளின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் அதற்குத் தனிப் பதிவும் தனி அனுமதியும் வேண்டும். நான் அந்த ஆசையை விட்டுவிட்டு ஜி.பி.எஸ்ஸோடு நடந்தேன். அலைகரை ஓரக் காட்டுக்குள் ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் இறங்க வேண்டாம். மிதிவெடி பற்றி அவர்களைக் கேட்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம். நாலு மணிக்குப் பிறகு யானை.

நடந்து அளந்ததில் 7.8 கிலோமீற்றர் வந்தது. நண்பருக்குப் பெரிய சந்தோசம், அளவுகோலையும் நீளத்தையும் போட்ட வரைபில் மூன்றாவது புள்ளியும் கோட்டில் விழுந்துவிட்டதாம். ஐயாவிடம் சொன்னேன். “நீ பள்ளம் பள்ளமாச் சுத்தி இருப்பாய், நான் குறுக்கால போய் ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன்” என்றார். இரண்டாவது குளத்துக்கான விண்ணப்பத்தைப் போன கிழமைதான் கொடுத்தேன். அதே இலிகிதர். படிவத்தை வாங்கி, நேரே ஆறாவது கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பெயரை வாசித்தார்.