முடுக்கு வழியே காயல்பட்டினம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆறுமுகநேரி தாண்டியதும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். மேலே வைத்த பைகளை இறக்குவார்கள், தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள், யாராவது ஒரு ஆச்சி "அரோகரா" என்பாள். அந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். புர்கா அணிந்த பெண்கள் சிலர் கைக்குழந்தைகளோடு இறங்குவார்கள். வண்டி நகர்ந்துவிடும். நாற்பது வயது வரைக்கும் காயல்பட்டினம் எனக்கு அந்த ஒரு நிமிட நிறுத்தம்தான்.

பி.எட். படித்தபோது என்னோடு விடுதி அறையில் இருந்தவள் காயல்காரி. "முருகனைப் பாக்க இத்தன தடவ வந்திருக்கே, எங்க வீட்டுக்கு ஒரு தடவை வந்தியா?" என்று வருஷா வருஷம் கேட்பாள். இந்தப் பிப்ரவரியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

போவதற்கு முன்னால் வழக்கம்போல ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். 2011 கணக்குப்படி 40,588 பேர். புது ஊருக்குப் போனால் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவேன். பள்ளிக்கூட வாத்தியார்களைத்தானே கணக்கெடுக்க அனுப்புவார்கள். 2011-ல் பாளையங்கோட்டையில் நானும் அட்டவணைத் தாள்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறியவள். பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளும் வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் பெயரை எழுதச் சொல்லிக் கெஞ்சிய ஒரு அம்மாவிடம், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தது இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஊருக்குள் போனோம். சதுக்கைத் தெரு, அப்பாபள்ளித் தெரு, தைக்கா தெரு, அலியார் தெரு என்று தோழி சொல்லிக்கொண்டே வந்தாள். தெருக்கள் நேராக, நீளமாகக் கிடந்தன. நல்ல வெயில் நேரம். தெருவில் இரண்டு கிழவர்களும் ஒரு சைக்கிளும் தவிர யாரும் இல்லை. மூடிக் கிடக்கும் ஊர் என்று நினைத்துவிட்டேன். தோழி ஆட்டோவை அனுப்பிவிட்டு, வாசல் கதவைத் தட்டாமல், இரண்டு வீடு தள்ளி ஒரு சந்துக்குள் என்னை இழுத்துப் போனாள்.

"இதான் முடுக்கு. பொம்பளைங்க வழி."

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். இருபுறமும் வீடுகளின் பின்சுவர்கள். ஊர் அங்கேதான் இருந்தது. தட்டில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள். இரண்டு சிறுமிகள் பள்ளிச் சீருடையில் ஓடினார்கள். திறந்திருந்த கதவு ஒவ்வொன்றிலிருந்தும் "யாரு வந்திரிக்கா?" என்று ஒரு குரல். காயல்பட்டினத்து வீடு நீளமானது. ஆண்களும் விருந்தாளிகளும் வரும் முன்வாசல் ஒரு தெருவைப் பார்க்கும். பெண்கள் புழங்கும் பின்வாசல் முடுக்கில் திறக்கும். அக்கா வீடு, சின்னம்மா வீடு, சிநேகிதி வீடு, கல்யாண வீடு, எதற்கும் பெண்கள் பெருந்தெருவை மிதிக்காமலே போய் வந்துவிடலாம். பெண்களை ஒளித்துவைக்கும் ஏற்பாடு என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். அந்தச் சந்தில் கால் மணி நேரம் நின்றவர்களுக்கு அப்படி எழுதக் கை வராது. ஆண்கள் அங்கே வருவதில்லை. அது அவர்களுடைய இடம், அவர்கள் சத்தமாகச் சிரிக்கிற இடம்.

தோழியின் உம்மா பின்வாசலில் நின்றிருந்தார். "வாம்மா வாம்மா, ரயில்ல கூட்டமா?" நானும் உம்மா என்றே கூப்பிட்டேன். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்தார். "அவஹ கொழும்புல இரிக்கும்போது மாசி கொண்டுவருவாஹ" என்று இறந்துபோன கணவரைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்து 'வந்தாக' இங்கே 'வந்தாஹ' ஆகிவிடுகிறது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

அந்த வீட்டில்தான் உம்மா பிறந்தார். உம்மாவின் உம்மாவும் அங்கேதான் பிறந்தார். என் தோழியும் அங்கேதான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு, மகன்கள் வேறு வீடுகளுக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவார்கள். அதனால் பக்கத்து வீட்டில் சின்னம்மா, அதற்கடுத்து சின்னம்மா மகள் என்று ஒரு முடுக்கு முழுக்க ஒரே தாய்வழியாக இருக்கிறது.

கணக்கெடுப்புத் தாளில் ஒரு கேள்வி உண்டு: இந்த ஊருக்கு எதற்காக இடம்பெயர்ந்து வந்தீர்கள்? வேலை, தொழில், படிப்பு, திருமணம் என்று விடைகள். பாளையங்கோட்டையில் பெண்கள் வரிசைக்கு வந்ததும் கேட்காமலே 'திருமணம்' என்று எழுதிவிடலாம் போல இருக்கும். எனக்கும் அதுதான் விடை. பிறந்த வீட்டைவிட்டு வந்து பதினெட்டு வருஷமாகிறது. என் அம்மா காய்ச்சலில் படுத்தால் பஸ் ஏறித்தான் பார்க்க முடிகிறது. தன் உம்மாவின் சமையலறையிலேயே தன் பிள்ளைகளையும் வளர்த்த என் தோழியைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியும்விட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வாப்பாவுக்கு மூணு பொண்ணு. மூணு வீடு" என்றாள். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்பது தகப்பன் தலையில் ஏறும் பாரம். இருக்கும் மனையை நீளவாக்கில் பிரித்துப் பிரித்து, வீடுகள் ஒரு அறை அகலத்துக்குக் குறுகிப் போயிருப்பதைப் பிறகு பார்த்தேன். கட்ட முடியாதவர் கடன் வாங்குகிறார். அவள் வாப்பா கொழும்பில் ஒரு கடையில் முப்பது வருஷம் இருந்தார். அவள் மாமாக்களில் ஒருவர் ஹாங்காங்கில் ரத்தினக் கல் தரகு. அதற்கு முந்தின தலைமுறை ரங்கூனில். மகளுக்கு வீடு கட்ட வெளியூர் போகும் ஆண், அந்த வீட்டில் விருந்தாளி போல இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பப் போகிறார். முன்வாசல் தெரு வெறிச்சோடிக் கிடந்ததன் காரணம் அப்போது புரிந்தது.

எந்த ஊரில் காயல்காரர் பத்துப் பேர் சேர்ந்தாலும் காயல் நல மன்றம் என்று ஒன்று எழுந்துவிடும். சிங்கப்பூர், ஹாங்காங், ரியாத், ஜித்தா. ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவும் ஒரு கிழவியின் ஆபரேஷன் செலவும் அந்த மன்றங்களின் கூட்டத்தில் பேசப்படுகின்றன. அவர்களில் யாரும் 40,588-க்குள் இல்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். ஊரே அங்கு வந்துவிடுகிறது. குடும்பம் குடும்பமாக மணலில் வட்டமாக உட்கார்ந்து, வடையைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டு இருட்டும்வரை பேசுகிறார்கள். அந்தக் கடலைப் பார்த்தபோது ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. தாமிரபரணி கொண்டுவரும் மண்ணால் இந்தக் கரை நூற்றாண்டு நூற்றாண்டாகக் கிழக்கே நகர்ந்திருக்கிறது. சங்க காலத்தில் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே வயலுக்கு நடுவில் கிடக்கிறது. அதற்குப் பின் காயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த 'காயில்' துறைமுகம் இந்தப் பகுதிதான். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் பாண்டியனுக்குக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்த கால்டுவெல், அந்தத் துறைமுகம் ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய காயல் என்று சொன்னார். காயல்பட்டினத்துக்காரர்களிடம் அதைச் சொன்னால் வாதாட வருவார்கள். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் வெளிநாட்டுக்குப் போவதும் வருவதும் இந்த ஊருக்குப் பெட்ரோல் கிணறுகளோடு வந்த பழக்கம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ராத்திரி உம்மாவிடம் மழையைப் பற்றிக் கேட்டேன். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுக்க இந்த மாவட்டத்தில் பெய்வதைவிட அதிகமான தண்ணீர், ஒரே நாளில், இந்த ஒரு ஊரின் மேல். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். காயல்பட்டினத்தை யாரும் பார்க்கவில்லை. ரோடும் போனும் அறுந்துபோயிருந்தன. தோழி அப்போது ஒரு திருமணத்துக்காகச் சென்னையில் இருந்தாள். இரண்டு நாள் எனக்குப் போன் மேல் போன் செய்து அழுதாள்.

"முடுக்கு வழியாத்தான் தண்ணி வந்துச்சு" என்றார் உம்மா. "முட்டுக்கு மேல. சின்னம்மா வீட்டுல மாடி இரிக்கி. பதினேழு பேர் அங்க ஏறிட்டோம். ஆம்பளன்னு பாத்தா ரெண்டு பேர், அதுல ஒருத்தருக்கு எம்பது வயசு."

மாடியில் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிச் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் போன் வந்ததும் முதல் அழைப்பு ஹாங்காங்கிலிருந்து. அதற்குள் அங்கே மன்றத்தில் பணம் திரட்டத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் கேட்டது வேறு. ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பள்ளிவாசல்களோடும் முடுக்குகளோடும் நிறுத்திவிடுகிறார்கள். நகராட்சி எல்லை அதோடு முடியவில்லை. 18 வார்டுகள். ஓடக்கரையும் மங்களவாடியும் பூந்தோட்டமும் உண்டு. சிங்கித்துறையும் கொம்புத்துறையும் உண்டு. "அங்கே போகணும்" என்றேன். தோழி கொஞ்சம் வெட்கத்தோடு, கொம்புத்துறைக்குத் தான் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது என்றாள்.

கடையக்குடி என்றும் கொம்புத்துறைக்குப் பெயர். கத்தோலிக்கப் பரதவர்களின் மீனவ ஊர். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரும் பகை மூண்டது. போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிப் போன பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சில வருஷம் கழித்து, 1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவர் தங்கள் ஊருக்கு வந்துபோனதைக் கொம்புத்துறைக்காரர்கள் நேற்று நடந்தது போலச் சொல்கிறார்கள். அந்தப் பகையின் இரண்டு பக்கத்து வாரிசுகளும் இன்று ஒரே நகராட்சிக்கு வீட்டுவரி கட்டுகிறார்கள்.

மணலில் ஃபைபர் படகுகள் ஏற்றிக் கிடந்தன. ஒரு பெண் சாளையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கே விற்பீர்கள் என்று கேட்டேன்.

"ஊருக்குள்ளதான். பாய்மார் வீட்டுக்கு."

"தெருத்தெருவாவா அக்கா?"

"தெருவுல போனா யாரு வாங்குவா? முடுக்கு வழியாப் போவேன். பின்வாசல்ல வச்சு எடை போட்டுக் குடுத்துட்டு, டீ குடிச்சிட்டு வருவேன். எங்க அம்மாவும் அப்படித்தான் வித்தா."

தோழி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் உம்மாவின் பெயரைச் சொன்னாள். அந்த அக்கா கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டார். "நீ அவங்க மூத்த மவளா? மழைக்கு அப்புறம் உங்க வீட்டுல ரெண்டு மாசம் நான் மீனுக்குத் துட்டே வாங்கலியே, அவங்க சொல்லலியா?" தோழிக்குத் தெரியாது. அந்த மழையில் கொம்புத்துறைக்காரர்களுக்குப் படகும் வலையும் போனது என்றும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உம்மா அதற்குப் பதிலாக என்ன செய்தார் என்று கேட்டேன். அரிசி, என்றார் அவர். வேறெதுவும் சொல்லவில்லை.

ஓடக்கரைப் பக்கம் வெயிலில் அவசரமாகத்தான் நடந்தோம். பனைகள், தோட்டங்கள், வேறு சாமிகள், வேறு திருவிழாக்கள். அந்தப் பகுதிக்கு இன்னொரு நாள் தனியாகப் போக வேண்டும். அரை மணி நேரத்தில் பார்த்ததை வைத்து எழுதுவது அங்கே இருப்பவர்களுக்கு மரியாதை இல்லை.

மத்தியானம் பக்கத்து முடுக்கில் ஒரு கல்யாண விருந்து. பெண்கள் பகுதியில் பாய் விரித்து, சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் மூன்று பேராக உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, களறிக்கறி, புளியாணம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த, பெயர் தெரியாத ஒரு பாட்டி தன் பக்கத்துக் கறியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு தட்டில் அடுத்தவர் விரல் படச் சாப்பிட்டுப் பழக்கமில்லாத நான், பத்து நிமிடத்தில் அதை மறந்துபோனேன். புது மாப்பிள்ளை அன்று இரவு தன் பெட்டியோடு அந்த வீட்டுக்குக் குடிவருவார். மூன்று மாதத்தில் ஜித்தா திரும்ப வேண்டுமாம்.

நான் கிளம்பும்போது உம்மா ஒரு டப்பாவில் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தார். 2027-ல் மறுபடி கணக்கெடுப்பு வருகிறது என்றும், எனக்கு வேலை போட்டாலும் போடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்கு வாறவங்ககிட்ட மருமகன் பேரையும் எழுதச் சொல்லணும்" என்றார்.

"அவர் ரியாத்ல இருக்காருல்லா உம்மா. இருபது நாளும் இல்லாதவர எழுத முடியாது."

"கரண்டு பில்லு அவஹ கெட்டுறாஹ. பொண்ணு ஃபீசு அவஹ கெட்டுறாஹ. தண்ணி வந்தப்ப ராத்திரி பூரா முழிச்சு இரிந்தாஹ." டப்பா மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். "அப்போ எங்க எழுதுவாஹ அவஹ பேர?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்வாசல் வழியே முடுக்கில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோ நிற்கும் தெருவரைக்கும், கதவுக்குக் கதவு விடைபெற்றுக்கொண்டே நடந்தேன்.