ஆத்தா கையில் சிறுபீளை

"வேரோட புடுங்கு அப்பு. தழையை மட்டும் கிள்ளிட்டு வந்தா எப்படி?"

காலையில் தேவிபட்டினம் கரையில் ஆத்தா ஒருவர் பேரனை விரட்டிக்கொண்டிருந்தார். பேரனின் அப்பாவுக்குக் கல்லடைப்பு, அதாவது சிறுநீரகக் கல். ஸ்கேனில் நாலு மில்லிமீட்டர் என்று வந்ததாம்.

சிறுபீளைதான். பொங்கலுக்கு ஆவாரம்பூவோடு சேர்த்து வாசலில் செருகுவோமே, அதே செடி. இலைக்கு இலை காம்படியில் பஞ்சு ஒட்டியது போலப் பூ. ஆத்தா வேரில் இருந்த மணலை முந்தானையில் தட்டித் தட்டி எடுத்தார். நெருஞ்சில் முள்ளும் ஒரு கைப்பிடி வைத்திருந்தார். இரண்டையும் நீர் பெருக்கும் மூலிகை என்றுதான் சித்த மருத்துவம் சொல்கிறது.

5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதனால் கஷாயம் கல்லைக் கரைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாக்கில் தண்ணீர் உள்ளே போகிறதே, அது பெரிய விஷயம்.

நம் ஆட்கள் கடலுக்குப் போனால் கேனில் இருக்கும் நல்ல தண்ணியை அளந்து அளந்துதான் குடிக்கிறார்கள். மேலே வெயில், உடம்பெல்லாம் வியர்வை. சிறுநீர் சுண்டினால் உப்பு படியத்தான் செய்யும். அண்ணன்மார்களே, ஐஸ் பெட்டிக்கு இடம் ஒதுக்குகிறீர்கள், இன்னொரு கேனுக்கும் ஒதுக்குங்கள்.

அப்புறம், வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கஷாயத்தை நம்பி விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.