ஆகஸ்ட் மாதம் யாருக்கு?

இங்கிலாந்தில் கவுன்டி (மாவட்ட) அணிகள் மோதும் நான்கு நாள் கிரிக்கெட் போட்டியான கவுன்டி சாம்பியன்ஷிப் செத்துக்கொண்டிருக்கிறது என்று வருஷாவருஷம் யாராவது எழுதுவார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஏப்ரல் குளிரில், ஈரப் பிட்ச்சில், மிதவேகம் போடுகிறவர்கூட ஐந்து விக்கெட் எடுத்துவிடுகிறார், சுழல் பந்துவீச்சாளர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறார். பிட்ச் காய்ந்து பந்து திரும்புகிற ஆகஸ்டோ 2021 முதல் பெரும்பாலும், ஒரு அணிக்கு நூறே பந்து என்கிற 'தி ஹண்ட்ரட்' போட்டி வசம். 2021 ஜூலையில் நம்ம அஸ்வின் சர்ரே கவுன்டிக்காக ஓவல் மைதானத்தில் சாமர்செட்டை 27 ரன்னுக்கு 6 விக்கெட் என்று சுருட்டினாரே, அதை ஏப்ரலில் செய்ய முடியுமா?

சரி, காசு வேண்டும்தான். 18 கவுன்டிகளில் பலவற்றுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் பணம்தான் சோறு போடுகிறது, ஹண்ட்ரட் அணிகளை விற்ற பணத்திலும் பங்கு உண்டு. லீட்ஸ் அணியை முழுசாக வாங்கியதே நம்ம சன் குழுமம்தான்! அதற்காக நான்கு நாள் ஆட்டத்தை சீசனின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிட்டு, டெஸ்ட்டுக்கு ஸ்பின்னர் கிடைக்கவில்லை என்று இங்கிலாந்து புலம்புவதுதான் வேடிக்கை. ஆகஸ்டில் இரண்டு சாம்பியன்ஷிப் சுற்றாவது வையுங்கள், அப்புறம் பேசலாம்.