அமீனா வருவதற்குள் ஸ்டே: செகண்ட் அப்பீலில் கவனிக்க வேண்டியவை

முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட் அப்பீலும் தள்ளுபடியானவர்கள், "ஹைகோர்ட்டில் செகண்ட் அப்பீல் போட்டாச்சு, இனி பயமில்லை" என்று இருந்துவிடுகிறார்கள். அப்பீல் போட்டதாலேயே டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) நிறைவேறுவது நின்றுவிடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 41 ரூல் 5. எதிர்த்தரப்பு இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு, வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி உத்தரவு வாங்கிவிட்டால், கோர்ட் ஊழியரான அமீனா வந்து வீட்டைக் காலி செய்துவிடுவார். அதன்பிறகு ஸ்டேக்கு (நிறுத்திவைக்கும் உத்தரவுக்கு) வேலையே இல்லை.

செகண்ட் அப்பீல் போடக் கெடு 90 நாள். தீர்ப்பின் சர்டிபைட் காப்பிக்காகக் காத்திருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் தீர்ப்பன்றே காப்பிக்கு மனுப் போடுங்கள். அப்பீல் போடுவதற்குள் இ.பி. நெருக்கினால், கெடு முடியாதவரை டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே நிறுத்திவைக்கக் கேட்கலாம். ரூல் 5(2) அதற்குத்தான். கெடு தாண்டிவிட்டால்தான் பெரிய சிக்கல். தாமதத்தை மன்னிக்கும் மனு முடிந்து, அப்பீலை விசாரிக்கலாம் என்று கோர்ட் முடிவெடுக்கும்வரை ரூல் 3ஏ ஸ்டே கொடுக்க விடாது.

செகண்ட் அப்பீலில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றாவது எழ வேண்டும். அதை வகுக்காமல் இடைக்கால உத்தரவு தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. ஆகவே ஸ்டே மனுவைவிட அப்பீல் காரணங்களுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும்.

ஸ்டே மனுவோடு போடும் அபிடவிட்டில் (சத்திய வாக்குமூலத்தில்) மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: ஸ்டே இல்லாவிட்டால் வரும் பெரிய நஷ்டம், தாமதிக்காமல் வந்தது, ஈடு கட்டத் தயார் என்பது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. இ.பி. நம்பர், அடுத்த வாய்தா, வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை வருடமாக என்பதெல்லாம் வர வேண்டும். எதிர்த்தரப்பு கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு வராது.

பண டிக்ரி என்றால் டெபாசிட் கேட்பார்கள். வாடகை வீட்டு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஆத்மா ராம் தீர்ப்புக்குப் (2004) பிறகு, பழைய வாடகை போதாது, மார்க்கெட் வாடகை கட்டு என்று நிபந்தனை போட முடியும். தேதி தவறினால் ஸ்டே போய்விடும். கட்ட முடிகிற தொகையை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டே கிடைத்த பிறகும் ஓர் ஓட்டை உண்டு. கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான் அது செல்லும். காப்பி வரும்வரை, உத்தரவு ஆனதை நேரில் அறிந்த அப்பீல்தாரரே அபிடவிட் போட்டால் கீழ்க்கோர்ட் ஏற்க வேண்டும். ரூல் 5-இன் விளக்கத்திலேயே இது இருக்கிறது. ஆகவே உத்தரவு சொல்லும்போது கட்சிக்காரர் கோர்ட் ஹாலில் இருக்கட்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை பத்தரைக்கு இ.பி. கோர்ட்டில் கொடுத்துவிடலாம்.