காரணம் எழுதும் கட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்தப் பருவத்தில் எனக்கு மூன்று பாடங்கள்: நர்சிங் அடிப்படை, அலுவலகத் திறன், சமூகவியல். நான் கல்லூரியில் சேர்ந்தது முதல் பாடத்துக்காக. மற்ற இரண்டும் கட்டாயப் பாடங்கள், அதனால் எடுத்தேன்.

இன்று ஆய்வகத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சுவாசம் எண்ணினோம். "உன் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னதுமே என் தோழியின் மூச்சு மாறிவிட்டது. நிமிடத்துக்கு 10 வந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். மேடம் வந்து வழி காட்டினார்: நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். மறுபடி எண்ணினேன், 16. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவதிலும் ஆபத்து உண்டு. ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் முழு நிமிடம் எண்ணச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டைப்பிங். எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். குனிந்து பார்க்காமல் ஆள்காட்டி விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க அந்த மேடு. வேகக் கணக்கில் ஐந்து தட்டு ஒரு சொல். நிமிடத்துக்கு 19 சொல் அடித்தேன். விரல் வலிக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சமூகவியலில் டால்காட் பார்சன்ஸ். நோயாளியாக இருப்பதும் சமூகம் தரும் ஒரு பாத்திரம் என்று 1951ல் எழுதியவர். அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு உரிமைகள்: வழக்கமான பொறுப்புகளிலிருந்து விலகியிருக்கலாம், நோய்க்காக யாரும் அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. இரண்டு கடமைகள்: குணமாக வேண்டும் என்று விரும்ப வேண்டும், தகுந்த மருத்துவ உதவியை நாடி அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

"சர்க்கரை நோய்க்காரர் எப்போது குணமாவார்? வாழ்நாள் முழுக்க விடுப்பா?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நாள்பட்ட நோய்களுக்கு இந்தக் கருத்து பொருந்தாது என்பது பார்சன்ஸ் மேல் வைக்கப்படும் முக்கியமான விமர்சனமாம். எனக்கு அந்த 'ஒத்துழைக்க வேண்டும்' என்பதுதான் மனதில் தங்கியது. ஒத்துழைக்காவிட்டால் அவருடைய உரிமைகள் என்னவாகும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலுவலகத் திறன் பாடத்தைக் குறைவாக நினைத்திருந்தேன். இன்று அந்த எண்ணம் போய்விட்டது.

பயிற்சிக்காக 40 கற்பனை நோயாளிகளின் பட்டியலை எக்செலில் ஏற்றினோம். நோயாளியின் பதிவு எண்ணை 004512 என்று அடித்தால் 4512 என்று நிற்கிறது. எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் சுழியங்களை அது நீக்கிவிடுகிறது. பதிவு எண்ணை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்யப் போவதில்லை, அது ஒருவரின் அடையாளம். அதனால் அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். 3/4 என்பது மார்ச் 4 ஆகவும் ஏப்ரல் 3 ஆகவும் வாசிக்கப்படும் என்பதால் தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொன்னார்கள்.

பிறகு காகித ஃபைல். பெரிய பதிவறைகளில் கடைசி இரண்டு இலக்கங்களை முதலில் பார்த்து அடுக்கும் முறை ஒன்று உண்டு. 45-32-17 என்றால் முதலில் 17ஆம் பகுதி, அதில் 32, அதற்குள் 45. வரிசைப்படி அடுக்கினால் புது ஃபைல் எல்லாம் ஒரே மூலையில் குவியும். இந்த முறையில் எல்லா அலமாரிக்கும் சமமாகப் பரவும். யோசித்தவர் யாரோ, அருமையாக யோசித்திருக்கிறார். ஃபைலை எடுத்தால் அந்த இடத்தில் யார் எடுத்தது, எப்போது என்று எழுதிய அட்டையைச் செருக வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

வார்டில் மூன்றாம் நாள். நோயாளி யார் என்று தெரியும்படி எதையும் இங்கே எழுத மாட்டேன்.

வயதான ஒருவர். இதயம் பலவீனமானதால் கால் வீக்கம். காலை எட்டு மணிக்கு நீர் பிரியும் மாத்திரை. மூன்று நாளாக அவர் அதை வாங்க மறுக்கிறார். மருந்துச் சார்ட்டில் மறுத்ததற்கான குறி இருக்கிறது. காரணம் எழுதும் கட்டத்தில் முதல் நாள் 'ஒத்துழைப்பதில்லை', இரண்டாம் நாளும் அதே, மூன்றாம் நாளும் அதே. ஷிப்ட் மாறும்போது அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதும் அந்த ஒரு சொல்தான்.

நானும் அந்தச் சொல்லோடுதான் அவர் படுக்கைக்குப் போனேன். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிபி எடுத்துக்கொண்டே, "மாத்திரை வேண்டாம் என்கிறீர்களாமே ஐயா, போட்டால் ஏதாவது செய்கிறதா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒன்பது மணிக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் அம்மா. முதல் நாள் போகும் வழியிலேயே துணி நனைந்துவிட்டது. எல்லோரும் இருந்தார்கள்" என்றார்.

அந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி. அவருக்கோ அது நடைவழியில் நேர்ந்த அவமானம்.

நேரத்தை மாற்றும் அதிகாரம் மாணவிக்குக் கிடையாது. பொறுப்பு சிஸ்டரிடம் போய் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்து பெரியவரிடம் பேசினார். பிறகு டாக்டரிடமும் பிசியோதெரபி பிரிவிடமும் பேசினார். என்னைப் பார்த்து, "நீ கேட்டதை நீயே எழுது, நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சமூகவியல் வகுப்பில் வைட்ஹால் ஆய்வு. 1967ல் லண்டனின் அரசு ஊழியர்களிடம் தொடங்கியது. எல்லோரும் வேலையில் இருப்பவர்கள், யாரும் பரம ஏழை இல்லை. ஆனாலும் பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க இதய நோயால் இறப்பவர்கள் கூடினார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தன் வேலை மீது தனக்குக் கட்டுப்பாடு குறைவாக இருப்பதும் இதய நோயோடு சேர்ந்து வருவது தெரிந்தது.

டைப் அடித்து ஃபைல் அடுக்கும் எழுத்தர்களும் அந்தப் படிகளில்தான் இருந்தார்கள். அலுவலகத் திறன் வகுப்பில் இதை யாராவது சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும். ஆய்வு வார்டைப் பற்றியது இல்லை, தெரியும். ஆனாலும் எழுவது, குளிப்பது, மாத்திரை, நடை என எந்த நேரமும் தன் கையில் இல்லாத ஒருவரைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

பிசியோதெரபியைப் பதினொன்றரைக்கு மாற்றியிருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை, சுற்றித் திரை. நாலு நாளாக மாத்திரையை மறுக்காமல் வாங்குகிறார். எடை குறைந்துகொண்டு வருகிறது.

பழைய சார்ட்டில் 'ஒத்துழைப்பதில்லை' மூன்று முறையும் அப்படியே இருக்கிறது. பதிவில் எதையும் அழிக்கக் கூடாது, மையால் மறைக்கவும் கூடாது. அவரவர் செய்த பிழையை அவரவர்தான் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த மூன்றும் நான் எழுதியவை இல்லை, தொடவில்லை. அவற்றுக்குக் கீழே 27ஆம் தேதியிட்ட என் வரி நிற்கிறது: 'மாத்திரை வாங்கவில்லை. "போகும் வழியிலேயே துணி நனைந்துவிட்டது" என்கிறார். பொறுப்புச் செவிலியரிடம் காலை 8.20க்குத் தெரிவிக்கப்பட்டது.'