140 சென்டிமீட்டர்

"தம்பி, இது விளம்பரமா, பார்க்கா?" என்று ஷோரூம் மேனேஜர் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணா சாலையில் ஷோரூம். கண்ணாடியின் உள்பக்கம் ஃபிலிம் ஒட்டி, பின்னாலிருந்து புரொஜெக்டர் அடித்திருந்தோம். பிளாட்பாரத்தில் நின்று கையை அசைத்தால் கண்ணாடியில் தெரியும் கார் திரும்பும், கதவு திறக்கும், நிறம் மாறும். வெயிலில் படமும் எடுபடாது, சென்சாரின் அகச்சிவப்பு ஒளியும் எடுபடாது. அதனால் இருட்டிய பிறகுதான் கச்சேரி. சென்சார், ரிச்சி தெருவில் தேடிப் பிடித்த பழைய கினெக்ட், உடலசைவைப் பார்த்து வீடியோ கேம் ஆட மைக்ரோசாஃப்ட் விற்ற கேமரா. 2017-லேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தால் தன் ஒளியே திரும்பி வந்து அதற்குக் கண் கூசும். ஃபிலிமுக்குக் கீழே கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் அடைத்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

கார் வாங்குகிறவர்கள் காரில் போய்விடுகிறார்கள். நின்றது பிளாட்பாரத்துப் பிள்ளைகள். ஒரு பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆடுவாள். அவன் கையையும் சென்சார் அவள் கையாகவே எடுத்துக்கொள்ளும். கார் சிவப்புக்கும் வெள்ளைக்கும் அல்லாடும்.

"கூட்டம் நின்னாதான் சார் இன்னும் நாலு பேர் நிப்பாங்க" என்றேன்.

"நிக்கிறவங்க வாங்கணும்ல? செக்யூரிட்டியை விட்டு விரட்டினா அசிங்கம். நீங்களே ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். தலை 140 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கணக்கில் எடுக்காதே. ஒரே ஒரு வரி.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கினெக்ட் ஒரே நேரத்தில் 6 பேரின் உடலசைவைத்தான் பின்தொடரும். பிள்ளைகள் மொய்த்தால் பெரியவர்களுக்கு இடமே இருக்காது. டீமிலும் இதைத்தான் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மேனேஜர் கேட்பதற்கு முன்னால் இது எனக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லையே. ஆளுக்கு அரை நிமிடம் என்று முறை வைத்திருந்தாலும் தீர்ந்திருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அந்தக் கார் திரும்பாது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அந்தப் பெண் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கெட்டுப்போச்சா?" என்றாள். "ஆமாம்மா, ரிப்பேர்" என்றேன். அதற்குள் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் சும்மா கையை நீட்ட, கதவு திறந்துகொண்டது.

தடியைத் தட்டி விரட்டுவதைவிட இது தேவலை என்று இப்போதும் வாதாடுவேன். யாரும் கத்தவில்லை, யாரையும் தொடவில்லை. என்ன, செக்யூரிட்டி என்றால் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியாவது இருப்பாள்.

அப்புறம் இன்னொரு கிளைக்கும் கேட்டார்கள். அதே ஃபைலைக் கொடுத்தேன், 140-ஐத் தொடவில்லை. அங்கே பிளாட்பாரமே கிடையாது, பிள்ளைகள் வரப்போவதில்லை. அப்படியானால் அந்த வரி அங்கே எதற்கு என்று யாராவது கேட்டால், சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.